மார்கழி கொடுவா: லூரை நிறுத்தத் தெரியணும்

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம்)

இந்த எபிசோட் முழுக்க ஒரே மீன், ஒரே சீசன். மீன் கொடுவா. சீசன் மார்கழியும் தையும்.

டிசம்பர் பாதி தாண்டினதும் எனக்கு வர்ற கேள்வி ஏறக்குறைய ஒண்ணுதான். மே, ஜூன்ல இதே லூரைப் போட்டு இதே முகத்துவாரத்துல நல்லா அடிச்சோம், இப்ப நாள் முழுக்க எறிஞ்சாலும் ஒரு தட்டு கூட இல்ல, மீன் எங்க போச்சு? பரங்கிப்பேட்டை, கிள்ளை, கடலூர் ஓ.டி. எங்க போனாலும் இதே கதை. சென்னையில இருந்து வீக்கெண்டுக்கு ராடைக் கட்டிக்கிட்டு ஈ.சி.ஆர்.ல இறங்கி வர்ற குரூப் எல்லாருக்கும் இந்த ஏமாற்றம் பழகிப்போன ஒண்ணு.

மீன் எங்கேயும் போகல. ரெண்டு மீட்டர் கீழ போயிருக்கு, மெதுவாயிருக்கு, அவ்வளவுதான். நாம மட்டும் மே மாச வேகத்துலயே ரீலைச் சுத்திக்கிட்டு இருக்கோம்.

யூடியூப்ல குளிர்கால லூர் டெக்னிக்னு தேடினா வர்றதுல முக்கால்வாசி அமெரிக்க வீடியோ. அவங்க பிடிக்கிறது லார்ஜ்மவுத் பாஸ். ஏரி மீன், நன்னீர் மீன். நம்ம கொடுவாவையும் ஆங்கிலத்துல சீ பாஸ்னு சொல்றதால ரெண்டும் சொந்தக்காரங்கன்னு தோணும். கிடையாது. குடும்பமே வேற. கொடுவாவோட நிஜமான பங்காளி ஆப்பிரிக்காவுல விக்டோரியா ஏரியில இருக்கிற நைல் பெர்ச். ஆஸ்திரேலியாக்காரங்க பாரமுண்டின்னு கொண்டாடுறதும், கல்கத்தாவுல பேட்கின்னு ஃப்ரை பண்றதும் நம்ம கொடுவாவைத்தான்.

அப்ப அந்த வீடியோ எல்லாம் வேஸ்ட்டா? இல்ல. அவங்க சொல்ற டெக்னிக் நமக்கும் வேலை செய்யுது. ஆனா காரணம் வேற. காரணம் தெரியாம டெக்னிக்கை மட்டும் காப்பி அடிச்சா, தப்பான இடத்துல ரொம்ப அழகா மீன் பிடிப்போம். கோட்ல ஸ்டாக் ஓவர்ஃப்ளோ ஆன்சரைப் படிக்காம ஒட்டுற மாதிரி.

முதல்ல குளிர்னா என்னன்னு பார்ப்போம். அவங்க ஊர் ஏரியில மேல ஐஸ் கட்டியிருக்கும். அடியில 4 டிகிரி. அந்தத் தண்ணியில கொடுவாவைப் போட்டா செத்துடும். நம்ம ஊர்ல ஜனவரி ராத்திரி காத்து 21 டிகிரி பக்கம் இறங்கும், ஆழமில்லாத வாய்க்கால் தண்ணி விடிகாலையில 25 பக்கம் நிக்கும். 25 டிகிரியை யாராவது குளிர்னு சொல்வாங்களா? கொடுவா சொல்லும். அது மே மாசம் 31, 32 டிகிரியில சுத்தின உடம்பு.

மீன் உடம்புக்குள்ள ஹீட்டர் கிடையாது. தண்ணி என்ன சூடோ உடம்பும் அதே சூடு. தோராயமா 10 டிகிரி குறைஞ்சா உடம்போட வேலை வேகம் பாதியாகும்னு ஒரு கணக்கு இருக்கு. 31-ல இருந்து 25-க்கு இறங்கினா அந்தக் கணக்குப்படி மூணுல ஒரு பங்கு போயிடும். செரிக்க நேரமாகும், பசி லேட்டா எடுக்கும், ஒரு இரைக்காக அஞ்சு மீட்டர் துரத்துறது அதுக்குக் கட்டுப்படியாகாது. 20-ஐ நெருங்கினா சாப்பிடுறதையே கிட்டத்தட்ட விட்டுடும். நம்ம கடற்கரையில அவ்வளவு தூரம் போறதில்ல. அதனால நம்ம மார்கழி கொடுவா சாப்பிடாம இல்ல, சோம்பேறியா சாப்பிடுது. வாய்க்கு நேரா வந்தா விடாது.

கொடுவா வளர்க்கிறவங்களுக்கு இது புதுசு இல்ல. சென்னை பக்கத்துல முட்டுக்காட்டுல இருக்கிற உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம், சிபான்னு சொல்வாங்க, 1997-ல கொடுவாவைப் பண்ணையிலேயே முட்டையிட வச்சாங்க. கொள்ளிடம் தாண்டினா சீர்காழி பக்கம் தொடுவாய்ல கொடுவா குஞ்சு பொரிப்பகம் இருக்கு. குளத்துல கொடுவா வளர்க்கிற யாரைக் கேட்டாலும் தண்ணி குளிர்ந்தா தீனி எடுக்கிறது குறையும்னு சொல்வாங்க. நாம எறியுற லூரும் அதுக்கு ஒரு தீனிதான்.

இப்ப முக்கியமான பாயிண்ட். நம்ம கழிமுகத்துல குளிர்காலப் பிரச்சினை குளிர் மட்டும் இல்ல. மழைத்தண்ணியும் சேர்ந்துதான்.

கடலூர் மாவட்டத்துக்கு மழை கொண்டு வர்றது வடகிழக்குப் பருவமழை. அக்டோபர்ல ஆரம்பிச்சு டிசம்பர் வரைக்கும். வீராணம் நிரம்புது, உபரி வெள்ளாத்துக்கு வருது. சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைத் திறக்கிறாங்க, அது நேரா பரங்கிப்பேட்டை முகத்துவாரத்துக்கு வருது. மேட்டூர் நிரம்பிக் கீழணையிலும் திறந்துட்டாங்கன்னா கொள்ளிடம் செம்மண் கலர்ல ஓடுது. கடலூர்ல கெடிலம், உப்பனாறு, அதுலயும் இதே கதை. ஆக, மீன் நிக்கிற தண்ணியில ஒரே நேரத்துல மூணு மாறுது: சூடு குறையுது, உப்பு குறையுது, கலங்கல் ஏறுது.

இங்கதான் கொஞ்சம் ஃபிசிக்ஸ் வேணும். பயப்படாதீங்க, பிளஸ் டூ அளவுதான்.

சூடான தண்ணி மேல போகும், குளிர்ந்த தண்ணி கீழ இறங்கும், இது எல்லாருக்கும் தெரியும். நன்னீர்ல மட்டும் 4 டிகிரிக்குக் கீழ இது தலைகீழா மாறும். அதனாலதான் அமெரிக்க ஏரியில குளிர்காலத்துல மேல ஐஸ், அடியில கொஞ்சம் பரவாயில்லாத தண்ணி. பாஸ் மீன் அங்க போய் படுத்துக்கும். நம்ம ஊர்ல 25 டிகிரியில அந்தக் கதை நடக்காது. சூட்டை மட்டும் வச்சுப் பார்த்தா குளிர்ந்த தண்ணி கீழயும் வெதுவெதுப்பு மேலயும்தான் இருக்கணும்.

ஆனா நமக்கு உப்பு இருக்கு. உப்புத்தண்ணி கனம். கணக்குப் போட்டா, லிட்டருக்கு 3 கிராம் உப்பு அதிகமா இருந்தாப் போதும், அந்தத் தண்ணி 6 டிகிரி சூடா இருந்தாக்கூட குளிர்ந்த நன்னீருக்கு அடியிலயே நிக்கும். கடல்ல லிட்டருக்கு 30 கிராமுக்கு மேல உப்பு. அப்ப என்ன ஆகுது? மழைத்தண்ணி மேல ஒரு போர்வை மாதிரி ஓடுது, ராத்திரி பனியில அந்தப் போர்வை இன்னும் குளிருது. ஆனா குளிர்ந்தாலும் கீழ இறங்க முடியல, அடியில உப்புத்தண்ணி தடுக்குது. அந்த அடித்தண்ணி கடல்ல இருந்து வந்தது. ஜனவரியில நம்ம பக்கத்துக் கடல் விடிகாலை வாய்க்காலை விட வெதுவெதுப்பு. இதேதான் பெரிய அளவுல வங்காள விரிகுடாவோட வடக்குப் பகுதியிலயும் குளிர்காலத்துல நடக்குது. கங்கை, பிரம்மபுத்திராத் தண்ணி மேல மெல்லிசா பரவி, மேல குளிர், கீழ சூடுன்னு தலைகீழா கிடக்கும். கடல் ஆராய்ச்சிக்காரங்க நிறைய எழுதின விஷயம் இது.

ஆக அமெரிக்க பாஸும் அடியில, நம்ம கொடுவாவும் அடியில. அது 4 டிகிரியைத் தேடிப் போச்சு, இது உப்பைத் தேடிப் போச்சு. அதனால நீங்க தேட வேண்டியது ஆழத்தை மட்டும் இல்ல. ஆழம் இருந்தும் முழுக்க நன்னீர் ஓடுற பள்ளத்துல உங்களுக்கு வேலை இல்ல. உப்பு தங்கின பள்ளம் வேணும்.

எப்படிக் கண்டுபிடிக்கிறது? காசு இருந்தா இறால் பண்ணைக்காரங்க கையில வச்சிருக்கிற ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கிக்கோங்க. ஒரு சொட்டு தண்ணி விட்டு வெளிச்சத்துல பார்த்தா உப்பு அளவு தெரியும். இன்னொண்ணு தேவை, அடித்தண்ணியை மேல கொண்டு வர ஒரு வழி. பிளாஸ்டிக் பாட்டில்ல கல்லைக் கட்டி, மூடிக்குப் பதிலா கார்க், கார்க்ல தனியா ஒரு நூல். அடிக்குப் போனதும் நூலைச் சுண்டினா கார்க் பிடுங்கிக்கும், அடித்தண்ணி உள்ள வரும். தூக்குறப்ப கொஞ்சம் கலக்கும்தான், ஆனா மேல இனிப்பா அடியில உப்பான்னு கண்டுபிடிக்க இது போதும். ஒரு சமையல் தெர்மாமீட்டரையும் அதுல விட்டுப் பாருங்க. நாக்குல வச்சுப் பார்க்கலாமேன்னு சிலர் கேப்பீங்க. வெள்ளாத்துல கூட யோசிச்சுப் பண்ணுங்க. உப்பனாத்துல வேண்டவே வேண்டாம், கடலூர் சிப்காட் அந்தக் கரையிலதான் இருக்கு.

இதை விட சுலபமான வழி நியூஸ் பேப்பர். சேத்தியாத்தோப்புல எத்தனை கன அடி திறக்கிறாங்க, கீழணையில எவ்வளவுன்னு உள்ளூர்ப் பக்கத்துல தினம் போடுவாங்க. தண்ணி திறந்து ஓடிக்கிட்டு இருக்கிற வாரம் வெள்ளாத்துக்குப் போகாதீங்க. நிறுத்தி நாலஞ்சு நாள் ஆனதும் போங்க. ரெண்டு, மூணு தடவை கடல் ஏறி இறங்கினா அடியில உப்பு திரும்பி உள்ள வர ஆரம்பிச்சிடும்.

அடுத்து நேரம். தூண்டில்காரன்னா விடிகாலை நாலரைக்கே அலாரம் வைக்கணும்னு ஒரு நம்பிக்கை இருக்கு. கோடையில சரி. மார்கழி விடியல் கோலம் போடுறதுக்கும் பஜனைக்கும் நல்லது, கொடுவாவுக்கு இல்ல. ராத்திரி முழுக்க குளிர்ந்த தண்ணி உச்சக் குளிர்ல இருக்கிறது அந்த நேரம்தான். எனக்குப் பிடிச்ச நேரம் மதியம் ரெண்டுல இருந்து இருட்டுற வரைக்கும், அதுலயும் கடல் தண்ணி உள்ள ஏறுற நாளா இருக்கணும். கோடையில வாய்க்கால் கடலை விட சூடு, குளிர்ல அது உல்டா. அதனால ஜனவரியில ஏறுற தண்ணி மூணு வேலை பண்ணுது: உப்பு கொண்டு வருது, வெதுவெதுப்பு கொண்டு வருது, கலங்கலைத் தள்ளி ஓரளவு தெளிவு கொண்டு வருது. தெளிஞ்ச தண்ணியும் கலங்கலும் சந்திக்கிற இடத்துல ஒரு கோடு தெரியும். போலரைஸ்டு கண்ணாடி போட்டா இன்னும் நல்லாத் தெரியும். அந்தக் கோட்டோட கலங்கல் பக்கம் கொடுவா ஒளிஞ்சு நிக்கும், தெளிஞ்ச பக்கம் மடவைக் குஞ்சு வரும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டின நாள்ல ஓட்டம் அதிகம், அஷ்டமி நவமி பக்கம் மந்தம். நம்ம கடற்கரையில ஏத்த இறக்கமே மொத்தம் ஒரு மீட்டருக்குள்ளதான், அதுலயும் மந்தமான நாளைத் தேர்ந்தெடுத்தா ஒண்ணும் நகராது.

போற போக்குல ஒண்ணு. ஆருத்ரா தரிசனம் வர்ற வாரம் சிதம்பரத்துல ரூம் கிடைக்கும்னு நினைக்காதீங்க. தேர் பார்க்கப் போறீங்கன்னா அது வேற.

சரி, லூருக்கு வருவோம்.

மேல்மட்டத்துல சத்தம் போடுற பாப்பரை வீட்டுல வச்சிடுங்க. குளிர்ப் போர்வைக்கு மேல நின்னு கத்துற மாதிரி அது. வேகமா இழுக்கிற ஸ்பூனும் வேண்டாம். எனக்கு இந்த ரெண்டு மாசத்துக்கு ரெண்டே வகை போதும்.

முதல்ல ஜெர்க்பெய்ட், அதுல சஸ்பெண்டிங் வகை. 9, 10 சென்டிமீட்டர் நீளம், ஒரு ஒண்ணரை மீட்டர் வரைக்கும் இறங்குற மூக்கு. இழுத்தா கீழ போகும், நிறுத்தினா மேலயும் வராம கீழயும் போகாம அப்படியே தொங்கும். ராடு நுனியால ரெண்டு சுண்டு, நிறுத்து. அஞ்சு எண்ணு. கடிக்கலைன்னா பத்து எண்ணு. பத்து எண்றது பேசும்போது சுலபம், கரையில நிக்கும்போது யுகம் மாதிரி இருக்கும். கை தன்னால சுத்தப் போகும். சுத்தாதீங்க. கொடுவா விரட்டிப் பிடிக்கிறதை விட வாயை டப்புனு திறந்து தண்ணியோட சேர்த்து இரையை உறிஞ்சுறதுல கெட்டிக்காரன். தொங்கிக்கிட்டு இருக்கிற லூரை உறிஞ்சுறது அதுக்கு ஈஸி. அதனால இந்த சீசன்ல கடி கிட்டத்தட்ட முழுக்க நிறுத்தத்துலதான் வரும். அடின்னு தெரியாது. நூல் லேசா ஒரு பக்கம் நகரும், இல்ல அடுத்த சுண்டுல ஈரத்துணி மாட்டின மாதிரி கனக்கும். அப்ப அவசரப்பட்டு வெட்டி இழுக்காம, நூலை இறுக்கிட்டு நிதானமா ராடைத் தூக்குங்க.

சஸ்பெண்டிங்னு பெட்டியில போட்டிருக்கிறதை நம்பாதீங்க. ஜப்பான்ல, அமெரிக்காவுல பாஸுக்காக செய்யுற லூர்னா அது நன்னீர் கணக்குக்கு சரிபண்ணின எடை. கடல் தண்ணி நன்னீரை விட ரெண்டு, ரெண்டரை சதவீதம் கனம். 15 கிராம் லூர்னா, உப்புத்தண்ணியில 0.3, 0.4 கிராம் மேல தள்ளும். உப்பு சொச்சம் இருக்கிற இடத்துல உங்க லூர் தொங்காம மெதுவா மிதந்து மேல போயிடும், நீங்க தேடிப் போன அடித்தண்ணியை விட்டு. வயித்துல கொஞ்சம் ஈய டேப் ஒட்டுங்க. எவ்வளவுன்னு வீட்டுல கணக்குப் போடாதீங்க, அந்த இடத்துத் தண்ணியை ஒரு பக்கெட்ல மொண்டு அதுல லூரை விட்டுப் பார்த்து ஒட்டுங்க. பத்து நிமிஷ வேலை. முழு சீசனுக்கும் இதை விட பலன் தர்ற வேலை வேற இல்லைன்னு நான் நினைக்கிறேன்.

ரெண்டாவது சாஃப்ட் பிளாஸ்டிக். நாலு இஞ்ச் துடுப்பு வால் மீன், 7-ல இருந்து 14 கிராம் வரைக்கும் ஜிக்ஹெட், ஓட்டத்தைப் பொறுத்து. எறிஞ்சு அடி தொடுற வரைக்கும் விடுங்க. நூல் தளர்ந்தா அடி தொட்டாச்சு. ஒரு முழம் தூக்குங்க, இறங்க விடுங்க, அடியில ரெண்டு மூணு வினாடி படுக்க விடுங்க. திரும்ப. அவ்வளவுதான். இறங்கும்போது நூலை லேசா இறுக்கமா வச்சிருங்க, முக்கால்வாசி கடி அப்பத்தான். கலங்கல்ல கலரைப் பத்தி ரொம்ப யோசிக்காதீங்க. கறுப்பு இல்ல கடுமையான கருநீலம், நிழலா தெரிஞ்சாப் போதும். தெளிவு வந்த நாள்ல தங்கக் கலர். கலங்கல்ல கொடுவா கண்ணை விட உடம்போட ரெண்டு பக்கமும் ஓடுற அந்தக் கோட்டால அதிர்வைத்தான் கவனிக்கும். அதனால வால் நல்லா ஆடணும், மெதுவா இழுத்தாலும் ஆடுற மெல்லிசு வால் வாங்குங்க. குளிர்ல பிளாஸ்டிக்கும் விறைக்கும்னு அமெரிக்கக்காரங்க புலம்புவாங்க, அந்தப் பிரச்சினை நமக்கு இல்ல.

நூல் 20, 30 பவுண்டு பிரெய்டு, முன்னாடி ஒரு மீட்டர் 40 பவுண்டு லீடர். மீனோட பலத்துக்காக இல்ல இந்த லீடர். கொடுவாவோட செவுள் மூடி விளிம்பு பிளேடு மாதிரி. அங்க உரசினா மெல்லிசு லீடர் போச்சு. உங்க விரலும் அப்படித்தான், செவுள்ல கையை விட்டுத் தூக்காதீங்க.

இப்ப நான் சொல்லியே ஆகணும்னு நினைச்ச விஷயத்துக்கு வர்றேன்.

இந்த மெதுவான, அடியில படுக்க விடுற டெக்னிக்குக்கு ஒரு விலை இருக்கு. லூர் மாட்டும். வேகமா மேல இழுக்கும்போது மாட்டாத லூர், அடியில படுக்க விட்டா சுரபுன்னை வேர்ல, சிப்பி ஒட்டின கல்லுல, பழைய வலைத் துண்டுல மாட்டும். நாள் முழுக்க பிடிச்சா நாலஞ்சு லூர் போறது சாதாரணம். நம்ம ஆளுங்க என்ன பண்றாங்க? நூலைக் கையில சுத்தி இழுத்து அறுத்துட்டு, அடுத்த லூரைக் கட்டிடறாங்க. போனது நானூறு ரூபாய்னு வருத்தப்படறாங்க.

வேர்ல போய் உக்காந்தது நானூறு ரூபாய் மட்டும் இல்ல. ரெண்டு ட்ரெபிள் ஹுக், மொத்தம் ஆறு முள்.

கிள்ளை, பிச்சாவரம் பக்கம் இருக்கிற இருளர் குடும்பங்கள் எப்படி இறால் பிடிக்கிறாங்கன்னு தெரியுமா? வலை இல்லாம, கையால. ஆணும் பெண்ணும் வாய்க்கால் தண்ணியில உக்காந்து, தவழ்ந்து, சேத்தையும் வேரையும் துழாவி, விரல்ல இறால் தட்டுப்பட்டா பிடிச்சுப் பறியில போடுவாங்க. கலங்கல் தண்ணியில ஒண்ணும் தெரியாது, விரல்தான் கண்ணு. அந்த விரல் துழாவுற அதே வேர்லதான் நீங்க அறுத்து விட்ட ட்ரெபிள் ஹுக் இருக்கு. துருப்பிடிக்காத கோட்டிங் போட்ட நல்ல ஹுக்னா இன்னும் மோசம், வருஷக்கணக்கா கூர்மையா கிடக்கும். உங்களுக்கு அது ஹாபி. உள்ளங்கையில முள்ளு ஏறினா அவங்களுக்கு எத்தனை நாள் வேலை போகும்னு யோசிங்க. அதுவும் சேத்துத் தண்ணியில ஏறின முள்.

நான் பண்றது இது. ஜெர்க்பெய்ட்ல ட்ரெபிளைக் கழட்டிட்டு சிங்கிள் ஹுக் போடறேன், முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, அதுலயும் எதிர்முள்ளை இடுக்கியால நசுக்கிட்டுத்தான். ஹுக் மாத்தினா எடை மாறும், அதனால ஈய டேப் வேலையை இதுக்கு அப்புறம் பண்ணுங்க. சாஃப்ட் பிளாஸ்டிக்ல முள் நுனியைப் பிளாஸ்டிக்குக்குள்ளயே மறைக்கிற வீட்லெஸ் ஹுக். மாட்டுறது பாதிக்கு மேல குறையும். சிங்கிள்னா மீன் தப்பிக்காதான்னு கேப்பீங்க. கொடுவா குதிச்சுத் தலையை உதறும்போது ட்ரெபிளை நெம்புகோல் மாதிரி வச்சே கழட்டிடும். சிங்கிள் ஆழமா பிடிச்சா நல்லாவே நிக்கும்.

மாட்டினா, முதல்ல நூலைத் தளர்த்தி எதிர்ப்பக்கம் போய் இழுங்க. லூர் ரிட்ரீவர்னு ஒரு சங்கிலி கட்டின எடை இருக்கு, நூல் வழியா விட்டா போய் தட்டிக் கழட்டும். படகுல இருந்தீங்கன்னா கிட்ட போய் ராடு நுனியால தள்ளுங்க. எதுவும் நடக்கலைன்னா அறுக்கறதுக்கு முன்னாடி இடத்தைப் பார்த்து வச்சுக்கோங்க, தண்ணி வத்தினதும் திரும்பி வந்து எடுக்கலாம். நம்ம ஏத்த இறக்கம் சின்னதுதான், ஆனா ஓர வேர் வெளிய தெரிய அது போதும். ஆளுங்க கையால இறால் பிடிக்கிற வாய்க்கால்ல லூரே போடாதீங்க. இடத்துக்காக யாரோடயும் வாக்குவாதமும் வேண்டாம். அண்ணே, அக்கா, இங்க எறியலாமான்னு ஒரு வார்த்தை கேளுங்க. எங்க வலை கட்டியிருக்கு, எங்க பள்ளம்னு அந்தத் தண்ணியைத் தினம் தொடுறவங்களுக்குத் தெரியாததா நம்ம சோனார்ல தெரியப் போகுது?

பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குள்ள ராடு கொண்டு போற ஐடியாவையும் விட்டுடுங்க. சுமார் 1,100 ஹெக்டேர், வனத்துறை பாதுகாக்கிற காடு. இதயக்கனி எடுத்த இடம், தசாவதாரம் எடுத்த இடம்னு படகுல சுத்திப் பார்த்துட்டு வாங்க. பெரிய கொடுவா வளர்றதே குஞ்சா இருக்கும்போது அந்த வேருக்குள்ள ஒளிஞ்சு பிழைச்சதாலதான். 90-கள்ல காஞ்சு போன பகுதிகளுக்கு எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன் முள் வடிவத்துல வாய்க்கால் வெட்டிக் கடல் தண்ணியைக் கொண்டு வந்து கன்னு நட்டாங்க. அதை அப்படியே விட்டுட்டு, நீங்க வெளிய முகத்துவாரத்துல பிடிங்க.

பழைய கொள்ளிடக் கரை பக்கம் நிக்கிறவங்களுக்கு இன்னொண்ணு. அங்க முதலை இருக்கு. இது மிரட்டல் இல்ல, ஆளைக் கடிச்ச சம்பவம் நிறைய நடந்த பகுதி. முழங்கால் தண்ணியில இறங்கி லூர் எடுக்கிற வீரம் அங்க வேண்டாம்.

கடைசியா, பிடிச்ச மீன். கொடுவா முதல்ல ஆணா இருக்கும். ஆறு, ஏழு, எட்டு வயசுல பெண்ணா மாறும். அதனால 90 சென்டிமீட்டர், ஒரு மீட்டர்னு ஒரு பெரிய மீன் மாட்டினா, அது பெரும்பாலும் பொம்பளை. அது முட்டையிடப் போறதும் நீங்க நிக்கிற அதே முகத்துவாரத்துல. குளிர்ல இந்தப் பெரிய மீன் எல்லாம் உப்பு தங்கின ரெண்டு மூணு பள்ளத்துல ஒண்ணா அடைஞ்சு கிடக்கும். இடம் தெரிஞ்ச நாலு பேர் ஒரு மாசம் தினம் போனா அந்தப் பள்ளத்தைக் காலி பண்ணிடலாம். ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்துல 58 சென்டிமீட்டருக்குக் கீழயும் எடுக்கக் கூடாது, 120-க்கு மேலயும் எடுக்கக் கூடாதுன்னு விதி. சின்னது வளரட்டும், பெருசு முட்டை போடட்டும்னு. நான் இதை விட கஞ்சமா வச்சிருக்கேன்: 60-க்கும் 80-க்கும் நடுவுல ஒண்ணே ஒண்ணு வீட்டுக்கு, மத்தது எல்லாம் திரும்ப. வலையில பிழைக்கிறவங்களுக்கு நான் இதைச் சொல்லல. அது அவங்க சோறு. ரெண்டாயிரம் ரூபாய் பெட்ரோல் போட்டு வர்ற நமக்குச் சொல்றேன்.

திருப்பி விடறதுக்கு மார்கழி நல்ல காலம். குளிர்ந்த தண்ணியில ஆக்ஸிஜன் அதிகம் கரையும். நன்னீர்ல 31 டிகிரியில லிட்டருக்கு 7.4 மில்லிகிராம்னா, 25-ல 8.3. உப்புத்தண்ணியில ரெண்டுமே கொஞ்சம் குறையும், ஆனா வித்தியாசம் அதே பக்கம்தான். மே மாசம் போராடிக் களைச்சு செத்துப் போற மீன், ஜனவரியில தேறிடும். தண்ணியை விட்டு முழுசா தூக்காதீங்க. ஃபோட்டோவுக்கு ஒரு கை வாய்ல, ஒரு கை வயித்துல. தாடையில மட்டும் பிடிச்சு செங்குத்தா தொங்க விட்டா உள்ளுக்குள்ள கிழியும். விடும்போது ஓட்டத்துக்கு எதிரா தலையை வச்சுப் பிடிச்சுக்கோங்க, அது வாலை அடிச்சு உங்க முகத்துல தண்ணி தெளிச்சதும் விட்டுடுங்க.

இது எல்லாம் மாசி வரைக்கும்தான். ஸ்ரீமுஷ்ணம் பெருமாள் தீர்த்தவாரிக்குக் கிள்ளைக்கு வர்ற மாசி மகம் சமயத்துல வெயில் ஏறியிருக்கும், ஆழமில்லாத இடமும் சூடாயிருக்கும். கொடுவா மேல வந்துடும். அப்ப பாப்பரை எடுத்துக்கலாம், பத்து எண்ண வேண்டியதும் இல்ல.